கல்திட்டை பார்க்க வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பழனி மலையின் கீழ்மலைப் பக்கம், தாண்டிக்குடி, பண்ணைக்காடு சுற்றுவட்டாரத்துக் கல்திட்டைகளைப் பார்க்க வருகிறவர்களை நாங்கள் நாலைந்து பேர் சில வருடங்களாகக் கூட்டிப் போகிறோம். காபித் தோட்டக்காரர், ஓய்வுபெற்ற வாத்தியார், ஜீப் ஓட்டுகிறவர் என்று கலவையான கூட்டம். தொல்லியல் பட்டம் வாங்கியவர் ஒருவர்கூட இல்லை. ஒரே கேள்விகளுக்கு வாராவாரம் ஜீப் சத்தத்துக்கு மேல் கத்திப் பதில் சொல்லித் தொண்டை கட்டிப்போனதுதான் மிச்சம், அதனால் எழுதியே வைத்துவிட்டோம். வருவதற்கு முன் ஒருமுறை படித்துவிட்டு வாருங்கள்.

இது குள்ளர்கள் வாழ்ந்த வீடுதானே?

இல்லை. கொடைக்கானல் பக்கம் பேத்துப்பாறையில் இருப்பதைக்கூட 'குள்ளர் குகை' என்றுதான் சொல்கிறார்கள், வேறு ஊர்களில் பாண்டவர் வீடு என்பார்கள். கதை எப்படி வந்திருக்கும் என்பது பார்த்தாலே புரியும்: மூன்று பக்கம் பலகைக்கல், மேலே ஒரு பெரிய மூடுகல், மொத்த உயரமே இடுப்பளவு. இதில் குடியிருந்தவன் குள்ளனாகத்தானே இருக்க வேண்டும்!

இவை இறந்தவர்களுக்காக எழுப்பியவை. தரைக்கு மேல் தெரிகிற மாதிரி நிறுத்தினால் கல்திட்டை, மண்ணுக்குள் இறக்கிக் கட்டினால் கல்பதுக்கை, சுற்றிக் குண்டுக்கற்களை வட்டமாக வைத்தால் கல்வட்டம். ஒரே இடத்தில் இரண்டு மூன்று வகையும் கலந்து கிடக்கும். இறந்தவரைச் சுடுவது, இடுவது, குழியில் புதைப்பது, தாழ்ந்த இடத்தில் வைத்து அடைப்பது, தாழியில் கவிப்பது என்று மணிமேகலை ஐந்து வழக்கங்களைச் சொல்கிறது. ஆக, பல விதமான அடக்க முறைகள் ஒரே காலத்தில் அக்கம்பக்கமாக இருந்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

இந்த மலைத் திட்டைகளை முதலில் முறையாக அளந்து, வரைந்து எழுதியவர்கள் கொடைக்கானல் பக்கத்துச் செண்பகனூரில் இருந்த ஆங்க்லேட், நியூட்டன் என்ற இரண்டு இயேசு சபைப் பாதிரியார்கள். 1928இல் இந்தியத் தொல்லியல் துறை அதைத் தனி நூலாகவே போட்டது. இன்றைக்கும் நாங்கள் ஒரு திட்டை முன்பு எப்படி இருந்தது என்று சண்டை போட்டால் கடைசியில் அந்தப் படங்களிடம்தான் போய் நிற்கிறோம்.

எவ்வளவு பழசு?

இந்த மலையைச் சுற்றி நம்பிச் சொல்லக்கூடிய தேதி ஒன்று அடிவாரத்தில் கிடைத்தது. பழனிக்குத் தென்மேற்கே பொருந்தலில் 2009, 2010இல் தொல்லியலாளர் கா. ராஜன் குழுவினர் தோண்டியபோது ஒரு கல்பதுக்கைக்குள் நான்கு கால் வைத்த ஜாடி ஒன்று இருந்தது, அதற்குள் சுமார் இரண்டு கிலோ நெல். அந்த நெல்லைக் கரிமக் காலக்கணிப்புக்கு அனுப்பியதில் வந்த தேதி கி.மு. 490. அதே ஈமக்காட்டில் ஜாடி வைக்கும் பிரிமனை ஒன்றில் தமிழி எழுத்தில் 'வய்ர' என்று கீறியிருந்தது. தாண்டிக்குடியிலும் அதே குழுவினர் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே அகழ்ந்திருக்கிறார்கள். பொருந்தல் தேதியை அப்படியே தூக்கி இங்கே இருக்கிற ஒவ்வொரு கல்லின் மேலும் ஒட்டிவிடாதீர்கள், அவ்வளவுதான் கேட்டுக்கொள்வது.

அந்தக் காலத்து மனுஷன் பார்த்த மாதிரியே பார்க்கணும். உள்ளே போய் உட்காரலாமா?

இதுதான் எல்லோரும் கேட்பது. இதற்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

உள்ளே நுழைந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, வெளியே பார்த்து ஒரு செல்பி எடுத்தால் அந்தக் கால அனுபவம் கிடைத்துவிடும் என்று நினைக்கிறோம். ஆனால் யோசித்துப் பாருங்கள், அந்தக் காலத்தில் உள்ளே இருந்தது யார்? எலும்பு. உயிரோடு இருந்தவர்கள் வெளியே நின்றார்கள். சில திட்டைகளில் முன்பலகையில் ஒரு துளை இருக்கும், இடுதுளை என்பார்கள். பின்னால் சேர்ந்த எலும்பையோ படையலையோ அதன் வழியாக வைத்திருக்கலாம் என்பது பொதுவான கருத்து. ஒரு கையும், கொஞ்சம் எட்டிப் பார்த்தால் முகமும் போகிற அளவு. அந்த இருட்டை வெளியிலிருந்து எட்டிப் பார்ப்பதுதான் அவர்களுடைய அனுபவம். இன்றைக்கு முன்பலகை விழுந்து திறந்து கிடப்பதால் நமக்கு அது வீடு மாதிரித் தெரிகிறது. குள்ளர் கதையும் செல்பியும் ஒரே தப்பிலிருந்து வந்தவைதான்.

ஒருமுறை சென்னையிலிருந்து வந்த குடும்பத்துப் பையன் ஒருவன் உள்ளே தவழ்ந்து போக, பக்கத்துத் தோட்டத்தில் மிளகு பறித்துக்கொண்டிருந்த பாட்டி ஏணியில் நின்றபடியே கேட்டார்: "ஏந்தம்பி, அது அவுக வீடு. கூப்பிடாம உள்ள போவாகளா?" அன்றையிலிருந்து நாங்கள் யாரையும் உள்ளே விடுவதில்லை. அதற்கு முன்னால் விட்டுக்கொண்டிருந்தோம் என்பதையும் ஒத்துக்கொள்கிறோம்.

அப்புறம், கல்லை மட்டும் பார்த்தால் பாதிதான். வருகிற வழி முக்கியம். பெரும்பாலான திட்டைகள் மலையின் முதுகில், மொட்டைப் பாறையின் மேல் நிற்கின்றன. கீழேயிருந்து ஏறி வருகிறவனுக்கு முதலில் வானத்தை ஒட்டிக் கல் தெரியும், பிறகு ஒரு மடிப்பில் மறையும், கடைசியில் திடீரென்று எதிரே நிற்கும். இன்றைக்கு ஜீப் நேரே பின்பக்கம் கொண்டுபோய் இறக்கிவிடுகிறது. இறங்கியவுடன் கல்லின் முதுகைப் பார்க்கிறோம். இதைவிடக் கேவலமான அறிமுகம் வேறு இல்லை. அதனால்தான் ஒரு கிலோமீட்டர் முன்னாடியே உங்களை இறக்கி நடக்க வைக்கிறோம், டீசல் மிச்சம் பிடிக்க இல்லை.

இங்கிலாந்தில் ஸ்டோன்ஹென்ஜ் என்ற பழங்காலக் கல்வட்டத்தின் விஷயத்தில் இதைப் பெரிய அளவில் செய்தார்கள். கற்களை உரசிக்கொண்டு ஓடிய சாலையை 2013இல் மூடி, மண் நிரப்பிப் புல் வளர்த்தார்கள். பார்வையாளர் மையத்தை இரண்டு கிலோமீட்டருக்கு மேல் தள்ளிக் கட்டினார்கள். கல்லில் கையே வைக்கவில்லை, ஆனால் இடமே மாறிவிட்டது. எனக்குத் தெரிந்து பழைய கட்டுமானத்தைக் காட்டுவதில் செலவழித்த பணத்துக்கு முழுசாகப் பலன் வந்த வேலை அதுதான்.

இங்கே இன்னொரு தொல்லையும் இருக்கிறது: மரம். மேல்மலையின் பழைய முகம் சோலையும் புல்வெளியும். வாட்டில், பைன், தைலமரம் எல்லாம் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வந்தவை. கீழ்மலையில் காபிக்கு நிழல் தரச் சில்வர் ஓக். ஒரு திட்டையில் நின்றால் அடுத்த மலைத் திட்டை தெரிந்திருக்க வேண்டிய இடத்தில் இன்றைக்கு இருபதடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. மரத்தை வெட்டச் சொல்லவில்லை, அது ஒருவருடைய பிழைப்பு. ஆனால் நிற்கும்போது மனசுக்குள் அந்த மரங்களை எடுத்துவிட்டுப் பாருங்கள்.

விழுந்து கிடக்கிறதே, நாலு பேர் சேர்ந்து நிமிர்த்தி வைக்கலாமே?

முதலில் கணக்கு. இரண்டு மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், ஒரு சாண் தடிமன் என்று ஒரு சாதாரண மூடுகல்லை எடுத்துக்கொண்டால் அது 0.6 கன மீட்டர். இந்தக் கல் கன மீட்டருக்கு 2.7 டன் வாக்கில் வரும். ஒன்றரை டன்னுக்கு மேல், நாலு பேர் போதாது.

ஆள் கிடைத்தாலும் செய்யக் கூடாது. கல் எந்தப் பக்கம், எந்தக் கோணத்தில் விழுந்து கிடக்கிறது என்பதே ஒரு தகவல். தானாகச் சரிந்ததா, புதையல் தேடிப் புரட்டினார்களா என்பதை அதை வைத்துத்தான் சொல்ல முடியும். நிமிர்த்திவிட்டால் அது போச்சு. 1964இல் வெனிஸில் கூடிய கட்டடப் பாதுகாப்பு நிபுணர்கள் அகழ்ந்தெடுத்த இடங்களுக்கு ஒரு விதி எழுதினார்கள்: அங்கேயே சிதறிக் கிடக்கும் அசல் துண்டுகளைத் திரும்பச் சேர்க்கலாம், புதிதாகச் சேர்க்கும் பொருள் புதிது என்று பார்த்ததும் தெரிய வேண்டும், ஊகித்துக் கட்டவே கூடாது.

ஊகித்துக் கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு கிரீட் தீவின் நொஸாஸ் அரண்மனை இருக்கிறது. ஆர்தர் எவன்ஸ் 1900இல் தோண்ட ஆரம்பித்து, பின்னாளில் கான்கிரீட்டால் மாடி, படிக்கட்டு, சிவப்புத் தூண் எல்லாம் எழுப்பினார். சுற்றுலாப் போனவர்கள் எடுத்து வருகிற படங்களில் நிற்கும் அந்தத் தூண் 3,500 வருடத்துக்கு முந்தைய ராஜா பார்த்தது இல்லை, எவன்ஸ் நிறுத்தியது. அதற்காக அவரை முழுக்கத் திட்டவும் எனக்கு மனசு வரவில்லை. மாடிக்கு மாடி வெளிச்சம் எப்படி இறங்கியிருக்கும் என்பது அங்கே போனால் புரிகிறது என்கிறார்கள். பிரச்சினை, இனி வேறு மாதிரி யோசிக்கவே இடமில்லாமல் கான்கிரீட் உட்கார்ந்துவிட்டது என்பதுதான்.

எதிர் உதாரணமும் சொல்லிவிடுகிறேன். ஸ்டோன்ஹென்ஜில் 1797இல் விழுந்த கற்களை 1958இல் தூக்கி நிறுத்தினார்கள். எப்போது விழுந்தது, எங்கே நின்றது என்பது எழுத்தில் இருந்தது. நம் திட்டைகளுக்கு அப்படி 1928 படங்கள் சிலவற்றுக்கு உண்டு, மற்றவற்றுக்குக் கிடையாது.

எங்கள் பக்கத்திலேயே ஒரு திட்டையில் யாரோ நல்லெண்ணத்தில் இரண்டு கல்லுக்கு நடுவில் சிமெண்ட் பூசி வைத்தார்கள். அடுத்த மழையில் தண்ணீர் வடிய வழியில்லாமல் அடிமண் கரைந்து, நேராக நின்ற கல்லும் சாய்ந்துவிட்டது.

பொருந்தல் போனேன், அங்கே ஒண்ணுமே இல்லையே?

தோண்டிய குழியை மூடுவது வழக்கம். ஏமாற்றமாகத்தான் இருக்கும், ஆனால் காரணத்தைக் கேளுங்கள். கல்பதுக்கையில் நாலு பலகைக் கற்களும் சும்மா நிற்கவில்லை. ஒவ்வொன்றின் ஒரு முனை அடுத்த கல்லைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும். மேலேயிருந்து பார்த்தால் ஸ்வஸ்திகம் மாதிரி ஒன்றையொன்று பிடித்திருக்கும். வெளிமண் உள்நோக்கித் தள்ளத் தள்ள இந்தப் பிடி இறுகும். பூச்சு கிடையாது, ஆணி கிடையாது, மண்ணின் பாரம்தான் அதற்குப் பூட்டு. ஆராய்ச்சிக்காக வெளிமண்ணை எடுத்துவிட்டு அப்படியே திறந்து போட்டால் பூட்டைக் கழற்றிய கதவு மாதிரி ஆகிவிடும், இரண்டு மழைக்காலம் தாங்குவது கஷ்டம். அளந்து, படமெடுத்து, திரும்ப மண்ணைப் போட்டு மூடுவதுதான் அதற்கு நல்லது.

மேலே கூரை போட்டுத் திறந்து வைக்கலாமே?

போடலாம், போட்டிருக்கிறார்கள். ஆதிச்சநல்லூரில் தோண்டிய குழியைத் தாழிகளோடு அப்படியே விட்டு மேலே கண்ணாடித் தளம் போட்டு 2023இல் திறந்தார்கள். காலுக்குக் கீழே தாழி இருப்பதைக் குனிந்து பார்க்கும்போது ஏற்படுகிற உணர்வு, மியூசியத்தில் மேசை மேல் வைத்த தாழியிடம் வராது. தாழி என்பது மண்ணுக்குள் இருக்கிற பொருள், மேலேயிருந்து பார்க்க வேண்டியது. அந்தப் பார்வைக் கோணம் மட்டும் கிடைத்தாலே பெரிய விஷயம்.

ஆனால் கூரை என்றால் ஜாக்கிரதை. சிசிலியில் ரோமானியர் காலத்து மாளிகை ஒன்று இருக்கிறது, தரை முழுக்க மொசைக் படம். 1950களின் கடைசியில் பழைய அறைகளின் வடிவம் தெரிகிற மாதிரி ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கில் கூரையும் சுவரும் போட்டார்கள். ஐடியா அற்புதம். ஆனால் உள்ளே வெயில் இறங்கி வெக்கை பிடித்து, நாற்றுக்கூடம் மாதிரி ஆகி, பிற்பாடு அதையெல்லாம் எடுத்துவிட்டு வேறு கூரை போட வேண்டியதாயிற்று. எங்கள் மலையில் வெயிலைவிடப் பனிமூட்டம்தான் பயம். கண்ணாடி போட்டால் பாதி நாள் உள்பக்கம் வியர்த்து ஒன்றும் தெரியாது, மீதி நாள் பாசி.

தவிர, மொட்டைப் பாறை மேல் நிற்கிற திட்டைக்குத் தகரக் கூரை போட்டால் அது பஸ் நிலையத்து டீக்கடை. வானம்தான் அதற்குக் கூரை.

அப்போ பக்கத்தில் ஒரு மாதிரி கட்டிக் காட்டுங்களேன்?

கட்டினோம். இரண்டு தடவை.

முதல் தடவை குவாரியிலிருந்து அறுத்த கல் வாங்கினோம். மெஷினில் துளை போட்டு உடைத்த அடையாளம் விளிம்பு முழுக்க வரிவரியாக இருந்தது, மூலை எல்லாம் சதுரம். நிறுத்தி முடித்ததும் அந்த வழியாக வந்த ஒரு அக்கா, "பஸ் இங்கதான் நிக்குமாப்பா?" என்று கேட்டார். மறுநாளே பிரித்துவிட்டோம்.

இரண்டாவது தடவை, நிலம் திருத்தும்போது ஒருவர் ஒதுக்கிப் போட்ட கற்களை எடுத்தோம். நம் பாறை வெங்காயம் மாதிரி, வெயிலிலும் குளிரிலும் அடுக்கடுக்காகத் தோல் உரியும். நெருப்பு மூட்டிச் சூடேற்றினால் இன்னும் சுலபமாகப் பெயரும். உளி படாத கல்லுக்கு ஒரு பக்கம் லேசாக வளைந்திருக்கும், விளிம்பு மெலிந்திருக்கும், அது நின்றாலே அழகு வேறு. தைலமரக் கட்டைகளை உருளை மாதிரி அடியில் கொடுத்து, தேங்காய் நார்க் கயிறு கட்டி, பள்ளிக்கூடப் பிள்ளைகள், அவர்கள் அப்பாக்கள் என்று கூட்டமாக இழுத்தோம். பலகைக்கற்கள் நின்ற பிறகு உள்ளேயும் வெளியேயும் மண்ணை நிரப்பிச் சரிவாக்கி, அந்தச் சரிவில் மூடுகல்லை மேலே ஏற்றினோம். ஏற்றின பிறகு உள்மண்ணை அள்ளி எடுக்க இரண்டு நாள்.

அன்றைக்குப் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். முன்பக்கம் திறந்திருந்த வரை பையன்கள் உள்ளே ஏறுவதும் இறங்குவதுமாகக் கும்மாளம். துளை போட்ட முன்பலகையை வைத்து மூடினோம். ஒருவனும் கிட்டே போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு சின்னப் பெண் மட்டும் வந்து துளைக்குள் பார்த்துவிட்டு, கையை விடாமல் திரும்பிப் போனாள்.

அசல் மேல் கட்டாமல் தள்ளிக் கட்டுவது நல்லது என்பது எங்கள் கட்சி. ஆஸ்திரியாவில் கார்னுன்டும் என்ற ரோமானிய ஊரில் பழைய அஸ்திவாரத்தின் மேலேயே வீடுகளை அந்தக்கால முறையில் எழுப்பி, தரைக்கடியில் சூடு போகிற அடுப்பு வரைக்கும் வேலை செய்கிற மாதிரி வைத்திருக்கிறார்கள். குளிருக்கு அது சுகம்தான், நம் கல்லுக்கு வேண்டாம். நம் நாட்டில் நாகார்ஜுனகொண்டா என்ற பழைய பௌத்த ஊரில் வேறு வழியே இல்லாமல் போயிற்று: அணைத் தண்ணீர் வருகிறது என்று 1954 முதல் 1960 வரை அவசரமாகத் தோண்டி, சில கட்டடங்களைப் பெயர்த்து மேட்டில் திரும்ப நிறுவினார்கள். இன்றைக்கு அந்த மேடு தீவு, படகில்தான் போக வேண்டும்.

மத்திய அரசு பாதுகாக்கிற சின்னமாக இருந்தால் 100 மீட்டருக்குள் எதுவும் கட்டக் கூடாது, அதற்கு அப்பால் இன்னொரு 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும். இங்கே பெரும்பாலான திட்டைகளுக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை, அது வேறு கதை.

எந்த நேரத்தில் வந்தால் நல்லது?

காலை ஆறரைக்குப் பாறை மேல் நிற்கிற மாதிரி வாருங்கள். கிழக்குப் பார்த்த திட்டையாக இருந்தால் அரைமணி நேரம் வெளிச்சம் உள்ளே போகும், அப்புறம் நாள் முழுக்க இருட்டுதான். பத்து மணிக்கு மேல் வந்தால் கல், பாறை, வானம் எல்லாம் ஒரே வெளுப்பு.

அயர்லாந்தில் நியூகிரேஞ்ச் என்று 5,000 வருடத்துக்கு மேலான ஈமக்கட்டடம் ஒன்று. டிசம்பர் 21 வாக்கில் விடியற்காலை வாசலுக்கு மேலே உள்ள பொந்து வழியாக வெயில் புகுந்து 19 மீட்டர் பாதையைக் கடந்து உள் அறையில் 17 நிமிடம் விழுகிறது. தோண்டிய ஓ'கெல்லி 1967இல் உள்ளே உட்கார்ந்து பார்த்த பிறகுதான் அது உலகத்துக்குத் தெரிந்தது. அந்த நாளில் உள்ளே போகக் குலுக்கலில் பேர் எடுக்கிறார்கள். மற்ற நாளில் போகிறவர்களுக்கு விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு, ஒரு பல்பால் அந்த வெயிலை நடித்துக் காட்டுகிறார்கள். பொய்தான், ஆனால் பொய் என்று சொல்லிவிட்டுக் காட்டுகிற பொய். எனக்கு அது சம்மதம். அதே இடத்தில் வெளியே வெள்ளைக் கல்லில் செங்குத்தாக எழுப்பிய முகப்புச் சுவர் உண்மையிலேயே அப்படி இருந்ததா என்று இன்று வரை அடித்துக்கொள்கிறார்கள்.

எங்கள் திட்டைகளில் இந்த மாதிரி சூரியக் கணக்கு இருக்கிறதா என்று கேட்டு யூடியூப் வீடியோ அனுப்ப வேண்டாம்.

செல்போனில், விஆர் கண்ணாடியில் காட்டினால்?

ரோமில் நீரோவின் மாளிகை இன்று மண்ணுக்கடியில் குகை மாதிரிக் கிடக்கிறது, அங்கே அந்தக் கண்ணாடியைப் போட்டால் தோட்டமும் வெயிலும் தெரிகிறதாம். அங்கே அது பொருத்தம். இங்கே பாறையும் காற்றும் நிஜமாகவே இருக்கும்போது எதற்கு? சிக்னலும் இல்லை.

எடுத்த பொருளெல்லாம் எங்கே?

செண்பகனூர் அருங்காட்சியகத்தில் பழனி மலைப் பொருள்கள் இருக்கின்றன. பாடம் பண்ணிய விலங்குகளைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடாதீர்கள். நீலகிரிக் கல்வட்டங்களை 1870களில் பிரீக்ஸ் என்ற நீலகிரி கமிஷனர் தோண்டியெடுத்த வெண்கலக் கிண்ணங்களில் சில லண்டன் வரை போய்விட்டன.

எங்கள் தோட்டத்திலும் ஒன்று இருக்கிறது. என்ன செய்ய?

முதலில் பயப்படாதீர்கள், யாரும் வந்து நிலத்தைப் பிடுங்கிக்கொள்ள மாட்டார்கள். நாலு பக்கமும், மேலேயிருந்தும் போட்டோ எடுங்கள், பக்கத்தில் ஒரு மண்வெட்டியை வைத்து எடுத்தால் அளவு தெரியும். கல்லில் பெயிண்ட் அடிக்க வேண்டாம், எண் போட வேண்டாம். மேலே காபிக்கொட்டை காயப்போட வேண்டாம். நல்ல களம்தான், ஒத்துக்கொள்கிறேன், ஆனால் துடைப்பம் தேய்த்துத் தேய்த்து மூடுகல்லில் ஏதாவது கீறல் இருந்தால் அழிந்துவிடும். வேர் விடுகிற மரத்தை ஒட்டி நடாதீர்கள். பானை, மணி ஏதாவது வெளியே வந்தால் கிராம நிர்வாக அலுவலர் வழியாகத் தாசில்தாருக்குச் சொல்லிவிடுங்கள், 1878ஆம் வருடத்துப் புதையல் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

எங்களுக்கும் ஒரு வார்த்தை சொன்னால் வந்து பார்ப்போம். டிசம்பர், ஜனவரி மட்டும் வேண்டாம், பழம் பறிக்கிற நேரம், ஜீப் முழுக்கச் சாக்குமூட்டையாக இருக்கும்.